சும்மா கெடக்கிற பழைய சர்வரை அவசரத்துக்குக் கை கொடுக்கிற ஸ்டாண்ட்பை சர்வரா மாத்துறது எப்படி? நம்ம குமரி மாவட்டத்துச் சின்ன ஆஃபீஸ்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எந்தப் பக்கம் போனாலும் ஆடிட்டர் ஆஃபீஸ், ஜவுளிக்கடை, லேப், ஸ்கூல் எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஒரு காட்சி இருக்கும். புது சர்வர் ஒண்ணு ஓடிட்டு இருக்கும், அதை வாங்கினப்ப ஒதுக்கி வச்ச பழசு மேஜைக்கு அடியில கெடக்கும். "அது ஸ்பேரு, ஏதாவது ஆனா எடுத்துக்கலாம்"னு சொல்லுவாங்க. ஆனா அதுல டேட்டா இருக்காது, பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது, கடைசியா எப்ப ஆன் பண்ணினதுன்னும் தெரியாது. இந்தப் பழைய பெட்டியை, மெயின் சர்வர் போன அன்னைக்கு உண்மையிலேயே வேலை செய்ய வைக்க என்னென்ன பண்ணணும்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடுறேன், கீழ சொல்ற எல்லா முடிவும் இதுல இருந்துதான் வருது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டத்துல மரம் விழுந்து ரோடு அடைஞ்சு, மின்கம்பம் ஆயிரக்கணக்குல சாஞ்சு, நாள்கணக்கா கரண்ட் இல்லாம கெடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021 நவம்பர் மழையிலயும் 2023 டிசம்பர் 17, 18 மழையிலயும் போக்குவரத்து நின்னுச்சு. அந்த மாதிரி நாள்ல டெக்னீசியன் வந்து சேரவே முடியாது. அதனால ஸ்பேர் சர்வரை மாத்திவிடுறவங்க கம்ப்யூட்டர் படிச்சவங்களா இருக்க மாட்டாங்க, அன்னைக்கு ஆஃபீஸ்ல இருக்கிற பில்லிங் போடுற பொண்ணோ மேனேஜரோதான் மாத்தணும். அவங்களால செய்ய முடியாத செட்டப் எவ்வளவு ஹைடெக்கா இருந்தாலும் நமக்கு உதவாது.

முதல்ல ரெண்டு கேள்வி

சர்வர் நின்னா எவ்வளவு நேரம் தாங்குவீங்க? எவ்வளவு நேரத்து டேட்டா போனா பரவாயில்ல? இதை ஓனர்கிட்ட நேரடியாக் கேட்டு, வாயால சொல்றதைப் பேப்பர்ல எழுதிக்கோங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில அரைமணி நேரம் பில்லிங் நின்னா கூட்டம் அடுத்த கடைக்குப் போயிரும், ஆடிட்டர் ஆஃபீஸ்ல ஒரு நாள் நின்னாலும் ஜிஎஸ்டி கடைசித் தேதியா இல்லாத பட்சத்துல சமாளிச்சுக்கலாம், லேப்ல ரிசல்ட் அரைமணி தாமதமானா பரவாயில்ல ஆனா போட்ட ரிசல்ட் ஒண்ணுகூட தொலையக்கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் பதில் வேற.

பதிலைப் பொறுத்து மூணு வழி இருக்கு. ஸ்பேரை ஆஃப்ல வச்சு, தேவைப்பட்டா ஆன் பண்ணி பேக்கப்ல இருந்து ரீஸ்டோர் பண்றது கோல்ட் ஸ்டாண்ட்பை, அதுக்கு அரை நாள் ஒரு நாள் ஆகும். ஸ்பேர் எப்பவும் ஓடிட்டே இருந்து 15 நிமிஷத்துக்கு ஒருக்க மெயின்ல இருந்து டேட்டாவை எடுத்து வச்சுக்கிட்டு, ஆள் கையால மாத்திவிடுறது வார்ம் ஸ்டாண்ட்பை. மெயின் விழுந்ததும் தானாவே மாறுறது ஹாட் ஸ்டாண்ட்பை. சின்ன ஆஃபீஸுக்கு நான் எப்பவும் வார்ம்தான் சொல்லுவேன். தானா மாறுறது கேக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா நடுவுல ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் ஹேங் ஆனாலும் ரெண்டு சர்வரும் "நான்தான் மெயின்"னு நினைச்சு ஆளுக்குக் கொஞ்சம் பில்லை எழுதி வச்சுக்கும், பிறகு அந்த ரெண்டு கணக்கையும் ஒண்ணாச் சேக்கிறது பெரிய சோலி. ஸ்ப்ளிட் பிரெய்ன்னு இதைத்தான் சொல்றாங்க. அதை ஒழுங்கா தடுக்க மூணாவது ஒரு மெஷினும், செத்ததா நினைக்கிற சர்வரோட பவரையே கட் பண்ற ஏற்பாடும் வேணும். 15 நிமிஷம் தாங்கக்கூடிய ஆஃபீஸுக்கு அது தேவையே இல்ல.

இன்னொண்ணு, ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல சேர்த்து எழுதுற ரெய்டு இருக்கு அதனால பேக்கப் வேண்டாம்னு நினைக்காதீங்க. ரெய்டு ஒரு டிஸ்க் போனாத் தாங்கும், அவ்வளவுதான். யாராவது ஃபோல்டரை அழிச்சா ரெய்டுல ரெண்டு டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். அதே மாதிரி ஸ்டாண்ட்பை சர்வர் இருக்குன்னு வெளிய எடுத்து வைக்கிற பேக்கப்பை நிறுத்திடாதீங்க. மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துலங்கிற 3-2-1 கணக்குல ஸ்டாண்ட்பை ஒரு காப்பியாத்தான் வரும்.

பழைய பெட்டியைப் பரிசோதிக்கிறது

கடலுக்குப் போற வள்ளத்துல ரெண்டாவது எஞ்சின் ஏத்துறவங்க கரையிலயே அதை ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க, இதுக்கும் அப்படித்தான்.

திறந்து ப்ளோயர் வச்சுத் தூசியை அடிங்க. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சின்னு கடல் பக்கத்து ஆஃபீஸா இருந்தா உப்புக்காத்துல ரேம் பின்னும் எஸ்எம்பிஎஸ்னு சொல்ற பவர் சப்ளையோட கனெக்டரும் பச்சை பிடிச்சிருக்கும், ரேமைக் கழட்டி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு மாட்டுங்க. மதர்போர்டுல கெப்பாசிட்டர் உப்பி இருக்கான்னு பாருங்க, உப்பியிருந்தா அந்த மெஷினை இந்த வேலைக்கு எடுக்காதீங்க. சிஆர் 2032 பேட்டரி கட்டாயம் புதுசு போடுங்க, அது தீந்திருந்தா கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னாடி போயிரும், ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற பயாஸ்ல "எஃப் 1 அமுக்குங்க"ன்னு நின்னுக்கிட்டே இருக்கும், ராத்திரி ஆள் இல்லாதப்ப சர்வர் எழும்பவே எழும்பாது. ரெய்டு கார்டு இருந்தா அதுலயும் தனியா ஒரு பேட்டரி இருக்கும், அது வீங்கியிருக்கான்னு பாருங்க.

பயாஸ் உள்ள போய் ரெண்டு செட்டிங் மாத்தணும். கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகணும், கீபோர்டு இல்லன்னாலும் பூட் ஆகணும். இந்த ரெண்டும் சரியா இல்லாததாலயே பல ஸ்பேர் சர்வர் தேவைப்படுற நாள்ல இருட்டா நிக்குது.

ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேமைத் தூக்கிப் போட்டுருங்க. ஹார்ட் டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்து 5, 197 ரெண்டு நம்பரையும் பாருங்க, 5 வந்து கெட்டுப்போய் மாத்தி ஒதுக்கின செக்டர், 197 படிக்க முடியாமத் தவிச்சிட்டு நிக்கிற செக்டர், இதுல பூஜ்யம் இல்லன்னா டிஸ்க்கை மாத்தணும். 199 ஏறிட்டே போனா பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு, கேபிளை மாத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா, பழைய சர்வர்ல மற்றதெல்லாம் பழசா இருந்துட்டுப் போகட்டும், டிஸ்க் மட்டும் புதுசு ரெண்டு வாங்கி மிரர் பண்ணிப் போடுங்க, காசு செலவழிக்கிற ஒரே இடம் இதுதான். சைஸ் மெயின் சர்வர் டேட்டாவைப் போல ரெண்டு மடங்காவது இருக்கட்டும், பழைய வெர்ஷன்களையும் வச்சுக்க இடம் வேணும். ரேம், மெயின்ல இருக்கிறதுல பாதி இருந்தா மெதுவா ஓடினாலும் பில் போட்டுரலாம்.

கரண்ட் செலவு பத்தி எல்லாரும் கேக்காங்க. சும்மா ஓடுற டவர் சர்வர் 100 வாட் எடுக்குன்னு வச்சா ஒரு நாளைக்கு 2.4 யூனிட், ஈபி ரெண்டு மாச பில்லுல 144 யூனிட் கூடும். அது அதிகம்னு தோணிச்சுன்னா பழைய சர்வருக்குப் பதிலா ஒரு நல்ல டெஸ்க்டாப்பையோ மினி பிசியையோ ஸ்டாண்ட்பையா வைக்கலாம், தப்பே இல்ல. அதுல இன்னொரு லாபம், தூக்கிட்டுப் போகலாம், அதைக் கடைசியில சொல்றேன்.

எங்க வைக்கிறது

மெயின் சர்வருக்குப் பக்கத்துலயே, அதே யுபிஎஸ்ல வச்சீங்கன்னா ஒரே இடியில ரெண்டும் போகும். நம்ம ஊர்ல சித்திரை வைகாசி கோடைமழையிலயும் அய்ப்பசி கார்த்திகையிலயும் சாயங்காலம் ஆனா இடி மின்னல்தான். வேற ரூம், வேற யுபிஎஸ், த்ரீ ஃபேஸ் கனெக்ஷன்னா வேற ஃபேஸ். தரையில வைக்காதீங்க, மேஜை உயரத்துல வைங்க, கூரை ஒழுகுற இடத்துக்கு நேர் கீழயும் வேண்டாம்.

வேற கட்டடத்துல வைக்க முடிஞ்சா ரொம்பக் கொள்ளாம். ஆனா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வெட்டவெளியில கேட் 6 காப்பர் கேபிளை இழுத்துறாதீங்க, பக்கத்துல எங்கயாவது மின்னல் இறங்கினாலே அந்தக் கேபிள் வழியா ரெண்டு பக்கத்து ஸ்விட்சும் சர்வர் போர்டும் எரியும். ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்க, கண்ணாடி இழையில கரண்ட் பாயாது, காப்பருக்கு இருக்கிற 100 மீட்டர் கட்டுப்பாடும் கிடையாது. வாங்குறப்ப உள்ள இரும்புக் கம்பியோ கவசமோ இல்லாத ஃபைபரா கேட்டு வாங்குங்க. எர்த்து நல்லா இருக்கான்னு எலக்ட்ரீசியனை வச்சு மழைக்காலத்துக்கு முன்ன ஒருக்க அளந்து பாத்துக்கிடுங்க.

யுபிஎஸ் விஷயத்துல வாட் கணக்கைப் பாருங்க, விஏ கணக்கை இல்ல. 600 விஏன்னு போட்டிருக்கிறது சாதாரணமா 360 வாட்தான் தாங்கும். லெட் ஆசிட் பேட்டரி மூணு வருஷம் தாண்டினா நம்ம சூட்டுக்கு நம்ப முடியாது, வாங்கின தேதியை மார்க்கர்ல யுபிஎஸ் மேலயே எழுதி வைங்க. யுபிஎஸ்ல இருந்து யுஎஸ்பி கேபிளை சர்வருக்குக் கொடுத்து, பேட்டரி குறைஞ்சா சர்வர் தானா ஒழுங்கா ஷட்டவுன் ஆகுற மாதிரி செட் பண்ணுங்க, லினக்ஸ்ல நட்னு சொல்ற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் இதுக்குப் போதும். வீட்டு இன்வெர்ட்டர்ல போடுறதா இருந்தா சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும், ஸ்கொயர் வேவ்ல சர்வர் எஸ்எம்பிஎஸ் பல நேரம் கரண்ட் மாறுற நொடியில ரீஸ்டார்ட் ஆகிடும்.

நெட்வொர்க்

ரெண்டு சர்வருக்கும் ஃபிக்ஸட் ஐபி கொடுங்க, உதாரணத்துக்கு மெயின் 192.168.1.10, ஸ்பேர் 192.168.1.11. ஆனா ஆள் உக்காந்து வேலை பாக்கிற கிளையண்ட் கம்ப்யூட்டர் எதுலயும் இந்த ரெண்டு நம்பரையும் நேரடியா அடிக்காதீங்க. மூணாவதா ஒரு ஐபி, 192.168.1.20ன்னு வைங்க, அதை "வேலை ஐபி"ன்னு பேர் வச்சுக்கோங்க. சாதாரண நாள்ல அது மெயின் சர்வர் மேல கூடுதல் ஐபியா உக்காந்திருக்கும், அவசரத்துல ஸ்பேருக்கு மாறும். பில்லிங் சாஃப்ட்வேர், ஷேர்டு ஃபோல்டர், பிரிண்டர் எல்லாம் 20ஐத்தான் கூப்பிடணும். இந்த ஒரு ஏற்பாட்டைப் பண்ணிட்டீங்கன்னா அவசரத்துல பத்து கம்ப்யூட்டர்லயும் போய் உக்காந்து செட்டிங் மாத்துற வேலை மிச்சம். நம்பருக்குப் பதிலா டிஎன்எஸ் பேர் வச்சும் செய்யலாம், அப்படின்னா அந்தப் பேரோட ஐபியை எவ்வளவு நேரம் ஞாபகம் வைக்கணும்னு சொல்ற டிடிஎல்லை 300 செகண்டுன்னு குறைச்சு வைங்க.

ஐபி மாத்தின பிறகும் சில கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பழைய சர்வரையே தேடும், ஏன்னா அந்த ஐபிக்கு எந்த நெட்வொர்க் கார்டுன்னு பழசை ஞாபகம் வச்சிருக்கும். ஏஆர்பி கேஷ்னு பேரு. லினக்ஸ்ல ஆர்ப்பிங் கமாண்ட் வச்சு புது முகவரியை எல்லாருக்கும் அறிவிச்சிரலாம், இல்லன்னா அந்தக் கம்ப்யூட்டரை ஒருக்க ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும்.

கேபிளைக் கட்டாயம் செக் பண்ணுங்க. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேணும், நாலு கம்பி மட்டும் க்ரிம்ப் பண்ணின பழைய கேபிள்ல 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல ஏறாது. 500 ஜிபி டேட்டாவை காப்பி பண்ண கிகாபிட்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், 100ல பன்னெண்டு மணி நேரம் ஆகும். மெயினை ரிப்பேர் பண்ணித் திரும்ப டேட்டாவைக் கொண்டு வர்ற அன்னைக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

ஓஎஸ் போடுறது

மெயின் சர்வர் டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணி ஸ்பேர்ல மாட்டிரலாம்னு பலர் நினைக்காங்க. ரெண்டும் வேற வேற மாடலா இருந்தா லினக்ஸ்ல நெட்வொர்க் கார்டு பேரே மாறிடும், ஐபி ஏறாது, விண்டோஸ்ல டிரைவரும் ஆக்டிவேஷனும் தகராறு பண்ணும். அதே வெர்ஷன் ஓஎஸ்ஸைப் புதுசா இன்ஸ்டால் பண்றதுதான் நல்லது. டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும், எஸ்கியூஎல் சர்வர்ல புது வெர்ஷன்ல எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷன்ல ரீஸ்டோர் பண்ணவே முடியாது, மெயினை மட்டும் அப்டேட் பண்ணிட்டு ஸ்பேரை மறந்தா அன்னைக்கே ஸ்பேர் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

ரெண்டு மெஷினும் ஓரளவு பலமானதா இருந்தா சர்வரை விர்ச்சுவல் மெஷினா (விஎம், ஒரு பெட்டிக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற கம்ப்யூட்டர்) மாத்திருங்க, வேலை பாதியாக் குறையும். விஎம்மை அடுத்த சர்வருக்கு நகல் எடுக்கிற ஹைப்பர்-வி ரெப்ளிக்கா விண்டோஸ் சர்வர்ல 2012 வெர்ஷன்ல இருந்தே இருக்கு, 2012 ஆர்2ல இருந்து 30 செகண்ட், 5 நிமிஷம், 15 நிமிஷம்னு மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ்ல விஎம் ஓட்டுற ப்ராக்ஸ்மாக்ஸ்ல ரெண்டு பக்கமும் இசட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் போட்டா ரெப்ளிகேஷன் சாதாரணமா 15 நிமிஷத்துக்கு ஒருக்க ஓடும். ஆனா ப்ராக்ஸ்மாக்ஸ் க்ளஸ்டர்ல ரெண்டே மெஷின்தான்னா ஒண்ணு விழுந்ததும் மத்தது கோரம் (பாதிக்கு மேல ஓட்டு) இல்லன்னு சொல்லி விஎம்மை ஸ்டார்ட் பண்ண விடாது. மூணாவதா ஒரு ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னப் பெட்டியில மூணாவது ஓட்டு போடுற க்யூடிவைஸ் போட்டு வைங்க, இல்லன்னா எதிர்பாக்கிற ஓட்டு ஒண்ணுன்னு மாத்துற கமாண்டைச் சுவத்துப் பேப்பர்ல எழுதி வைங்க.

யூசர், பாஸ்வேர்டை எல்லாம் ஒரே இடத்துல வைக்கிற விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரி வச்சிருக்கிறவங்க டொமைன் கண்ட்ரோலரைக் காப்பி எடுத்து ஓட்டாதீங்க, ஸ்பேரையே ரெண்டாவது டொமைன் கண்ட்ரோலரா சேத்துருங்க, ரெண்டும் தங்களுக்குள்ளயே விவரத்தை ஒத்து வச்சுக்கும்.

டேட்டாவைக் கொண்டு வர்றது

ரொம்ப முக்கியமானது இந்தப் பகுதி. ஸ்பேர்தான் மெயின்ல இருந்து டேட்டாவை இழுக்கணும், மெயின் ஸ்பேருக்குத் தள்ளக் கூடாது. ஏன்னா மெயின்ல ஃபைலைப் பூட்டிக் காசு கேக்கிற ரான்சம்வேர் புகுந்துட்டா, அங்க ஸ்பேரோட பாஸ்வேர்டோ எழுதக்கூடிய ஷேரோ இருந்தா ஸ்பேரையும் சேர்த்துப் பூட்டிரும். ஸ்பேருக்கு வேற அட்மின் பாஸ்வேர்ட், சாதாரண நாள்ல எந்த ஷேரும் திறந்து இருக்கக் கூடாது. இழுக்கிறதுக்குன்னு மெயின்ல தனி யூசர் ஒண்ணு போட்டு படிக்க மட்டும் அனுமதி கொடுங்க.

லினக்ஸ்னா ஆர்சிங்க். 1996ல வந்த டூல், இன்னைக்கும் இதை அடிச்சிக்க ஆளில்ல, மாறின பகுதியை மட்டும் அனுப்பும். பாஸ்வேர்ட் அடிக்காம உள்ள போக எஸ்எஸ்எச் கீ போட்டு 15 நிமிஷத்துக்கு ஒருக்க டைமர்ல ஓட விடுங்க, முந்தினது முடியாம அடுத்தது ஆரம்பிக்காம இருக்க எஃப்லாக் போடுங்க, யூசர் ஐடியை நம்பராவே காப்பி பண்ற ஆப்ஷனும் சேருங்க, இல்லன்னா ஃபைல் எல்லாம் வேற ஆள் பேர்ல வந்து உக்காரும். டெலிட் ஆப்ஷனை மட்டும் யோசிச்சுப் போடுங்க. அதைப் போட்டா மெயின்ல அழிச்சது அடுத்த ஓட்டத்துல ஸ்பேர்லயும் அழியும், விண்டோஸ் ரோபோகாப்பில மிர்ரர் ஆப்ஷனும் இதே கதைதான். அதனால ஒரே காப்பியை மேல மேல எழுதாம தேதிவாரியா வெர்ஷன் வைங்க. ஆர்சிங்க்ல லிங்க்-டெஸ்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, மாறாத ஃபைலுக்கு புதுசா காப்பி எடுக்காம பழைய காப்பியையே காட்டுற ஹார்ட் லிங்க் மட்டும் போடும், முப்பது நாள் காப்பி வச்சாலும் மாறின ஃபைலுக்கு மட்டும்தான் இடம் போகும். இசட்எஃப்எஸ் போட்டிருந்தா அந்த நேரத்து நிலைமையை அப்படியே பிடிச்சு வைக்கிற ஸ்னாப்ஷாட் இதைவிட எளிது.

டேட்டாபேஸ் ஃபைலை அது ஓடிட்டு இருக்கப்ப சாதாரண காப்பி பண்ணாதீங்க. காப்பி ஆன மாதிரி இருக்கும், சைஸும் சரியா இருக்கும், ஆனா பாதி பழசும் பாதி புதுசுமா இருக்கிறதால திறக்கையில உடைஞ்சிருக்கும். மைஎஸ்கியூஎல், மரியாடிபின்னா சிங்கிள் டிரான்சாக்ஷன் ஆப்ஷனோட டம்ப் (டேட்டா முழுசையும் ஒரு ஃபைலா வெளிய எழுதுறது) எடுத்து அதை இழுங்க, இது இன்னோடிபி வகை டேபிளுக்குத்தான் சரி. போஸ்ட்கிரெஸ்னா 2010ல 9.0 வந்ததுல இருந்து ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் இருக்கு, ஸ்பேர் சில நொடி பின்னாடியே ஓடிட்டு வரும், அவசரத்துல ப்ரமோட்னு ஒரு கமாண்ட்தான். நம்ம ஊர் பில்லிங் சாஃப்ட்வேர்ல பாதி எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்லதான் ஓடுது, அதுல நேரம் வச்சு வேலையைத் தானா ஓட்டுற ஏஜென்ட் கிடையாது, அதனால விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு பேக்கப் எடுக்க வைக்கணும். டாலின்னா எல்லாரும் வெளிய வந்த பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் ராத்திரி கடை அடைக்கிறப்பவும் அதுலயே இருக்கிற பேக்கப்பை எடுத்து, அந்த ஃபைலை ஸ்பேர் இழுக்கட்டும். ரெப்ளிகேஷன் இருந்தாலும் ராத்திரி ஒரு டம்ப் தனியா எடுங்க, மெயின்ல யாராவது தப்பான டேபிளை அழிச்சா ரெப்ளிகா அதையும் சில நொடியில நகல் எடுத்துரும்.

எத்தனை வருஷத்து டேட்டா வைக்கணும்னு கேட்டா, ஜிஎஸ்டி சட்டத்துல கணக்குப் புத்தகங்களை அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும்னு இருக்கு. கம்பெனியா பதிவு பண்ணினவங்களுக்கு 2022 திருத்தத்துக்கு அப்புறம் எலக்ட்ரானிக் கணக்கோட பேக்கப்பை தினமும் எடுத்து இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல வைக்கணும்.

டேட்டா தவிர வேற என்ன வேணும்

டேட்டா வந்திருச்சு, ஆனா பில் பிரிண்ட் ஆகல. இதுதான் அதிகமா நடக்கிறது. பிரிண்டர் டிரைவர், பில் ஃபார்மட், தமிழ் ஃபான்ட், ஷெட்யூல் பண்ணின வேலைகள், யூசர் பாஸ்வேர்டுகள், ரவுட்டர்ல போட்டிருக்கிற போர்ட் ஃபார்வர்டிங், இதெல்லாம் ஸ்பேர் பக்கமும் தயாரா இருக்கணும். கம்ப்யூட்டர்களுக்குத் தானா ஐபி கொடுக்கிற டிஎச்சிபி மெயின் சர்வர்ல ஓடுதுன்னா மெயின் போனதும் புதுசா ஆன் பண்ற எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஐபி கிடைக்காது, அதை ரவுட்டருக்கு மாத்திருங்க.

லைசென்ஸ் விஷயத்துல இப்பமே சாஃப்ட்வேர் கொடுத்தவங்ககிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. டாலி லைசென்ஸ் ஒரு மெஷினோட கட்டின மாதிரிதான், வேற மெஷினுக்கு மாத்தணும்னா முதல் மெஷின்ல சரண்டர் பண்ணணும், அந்த மெஷினே செத்துட்டா ரீசெட் பண்ணணும், அதுக்கு அட்மின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் இன்டர்நெட்டும் வேணும். அந்த ஈமெயில் பழைய அக்கவுண்டன்ட் பேர்ல இருந்தா இன்னைக்கே மாத்துங்க. யுஎஸ்பி டாங்கிள் (பென்டிரைவ் மாதிரி ஒரு லைசென்ஸ் சாவி) போட்டு ஓடுற சாஃப்ட்வேர்னா அந்த டாங்கிள் எங்க சொருகியிருக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க.

மாத்துற அன்னைக்கு

ஏ4 பேப்பர்ல தமிழ்ல பெருசா பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி ஸ்பேர் சர்வருக்கு மேல சுவத்துல ஒட்டுங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் சேவ் பண்ணினா அந்தக் கம்ப்யூட்டரே ஓடாத நாள்ல எங்க போய்ப் படிக்கிறது? மெயின்ல இருந்து வர்ற நெட்வொர்க் கேபிள் சிவப்பு, ஸ்பேரோடது நீலம்னு கலர் மாத்தி வச்சீங்கன்னா போன்லயே சொல்லிப் புரிய வைக்கலாம். பேப்பர்ல இருக்க வேண்டியது இது:

1. எல்லாரும் பில் போடுறதை நிறுத்துங்க. கடைசி பில் நம்பரைப் பேப்பர்ல எழுதுங்க.
2. கரண்ட், யுபிஎஸ், நெட்வொர்க் ஸ்விட்ச் லைட் எரியுதான்னு பாருங்க. நெட்வொர்க் ஸ்விட்சை ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் பொறுங்க.
3. அப்பவும் சரியாகலன்னா மாத்துறதா வேண்டாமான்னு ஓனரோ மேனேஜரோ சொல்லணும். போன் நம்பர் கீழ இருக்கு.
4. மெயின் சர்வரோட சிவப்பு கேபிளைக் கழட்டுங்க. கழட்டாம அடுத்ததுக்குப் போகவே கூடாது.
5. ஸ்பேர் டெஸ்க்டாப்ல "மாத்து"ங்கிற ஐகானை ரெண்டு தடவை கிளிக் பண்ணுங்க. பச்சை எழுத்து வர்ற வரைக்கும் காத்திருங்க.
6. ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் சாஃப்ட்வேரைத் திறந்து கடைசி பில் நம்பரைப் பாருங்க. எழுதின நம்பருக்கும் இதுக்கும் நடுவுல விட்டுப்போன பில்லை, பிரிண்ட் எடுத்த காப்பியைப் பாத்துத் திரும்பப் போடுங்க.
7. அதுக்கப்புறம்தான் மத்தவங்க உள்ள வரலாம்.

அந்த "மாத்து" ஐகான் பின்னாடி இருக்கிற ஸ்கிரிப்ட் நாலு வேலை செய்யணும்: காப்பி இழுக்கிறதை நிறுத்தணும், 192.168.1.10க்கு பிங் பண்ணி பதில் வந்தா "கேபிளைக் கழட்டல"ன்னு சொல்லி அங்கயே நிக்கணும், டேட்டாபேஸை எழுதுற நிலைக்குக் கொண்டு வரணும், வேலை ஐபியை ஏத்தி ஆர்ப்பிங் பண்ணணும். பிங் செக்கை விட்டுடாதீங்க, ஸ்ப்ளிட் பிரெய்ன்ல இருந்து காப்பாத்துறது அதுதான்.

ஒண்ணு, மெயின் நின்னதுக்குக் காரணம் ரான்சம்வேர் மாதிரி தெரிஞ்சா, ஃபைல் பேரெல்லாம் மாறி காசு கேக்கிற மெசேஜ் வந்தா, மேல சொன்ன எதையும் செய்யக்கூடாது. ரெண்டு கேபிளையும் கழட்டிட்டு போன் பண்ணணும். இதைச் சிவப்பு எழுத்துல தனியா போடுங்க.

கரண்டே இல்லாத நாள்

ஒக்கி மாதிரி நாள்கணக்கா கரண்ட் இல்லன்னா யுபிஎஸ் எதுக்கும் போதாது, ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் கிடைக்கணும். அப்ப ஸ்பேரைத் தூக்கிட்டு கரண்ட் இருக்கிற இடத்துக்குப் போறதுதான் வழி. பெரிய சர்வரை விட டெஸ்க்டாப் சைஸ் பெட்டி நல்லதுன்னு மேல சொன்னது இதுக்குத்தான். சின்ன ரவுட்டர் ஒண்ணு, எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு, கேபிள் நாலு, 4ஜி டாங்கிள், லேப்டாப் ஒண்ணு, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில போட்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடி வைங்க. ரவுட்டர்ல ஆஃபீஸ்ல இருக்கிற அதே 192.168.1 வரிசை இருக்கட்டும், அப்ப எந்த இடத்துல கொண்டு போய் வச்சாலும் எதையும் மாத்தாம ஓடும். பெட்டி திருட்டுப் போகலாம் இல்ல வழியில தொலையலாம், அதனால டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க, அந்தப் பாஸ்வேர்டை ஓனரும் இன்னொருத்தரும் தனித்தனியா கவர்ல வச்சிருக்கட்டும்.

ஒத்திகை

மூணு மாசத்துக்கு ஒருக்க, கூட்டம் இல்லாத ஒரு சாயங்காலம், மெயின் கேபிளைக் கழட்டி நிஜமாவே மாத்திப் பாருங்க. டெக்னீசியன் பக்கத்துல கைகட்டி நிக்கட்டும், பேப்பரைப் படிச்சு ஆஃபீஸ் ஆள்தான் செய்யணும், அவங்க எந்த வரியில தயங்குறாங்களோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்க. வாட்ச் பாத்து எவ்வளவு நிமிஷம் ஆச்சுன்னு குறிங்க, ஓனர் முதல்ல சொன்ன நேரத்தைவிடக் கூடினா செட்டப்பை மாத்தணும். ஜூன்ல மழை தொடங்குறதுக்கு முன்ன ஒண்ணும் செப்டம்பர்ல ஒண்ணும் கட்டாயம் இருக்கட்டும்.

தினமும் பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கடைசி காப்பி எத்தனை மணிக்கு வந்துச்சு. ஃபெயில் ஆனா மெசேஜ் வரும்னு வைக்கிறதை விட, தினமும் காலையில "நேத்து ராத்திரி காப்பி வந்தது, கடைசி பில் நம்பர் இது"ன்னு டெலிகிராம்ல ஒரு மெசேஜ் வர வைங்க, வரலன்னா ஏதோ நின்னுபோச்சுன்னு அர்த்தம். ஸ்பேரே செத்துப்போனா ஃபெயில் மெசேஜ் அனுப்ப அங்க யாரு இருக்கா?

மெயினுக்குத் திரும்புறது

பலரும் இதை யோசிக்கிறதே இல்ல, ஆனா டேட்டா தொலையிறது அதிகமா இந்தக் கட்டத்துலதான். மெயின் ரிப்பேராகி வந்ததும் சந்தோஷத்துல கேபிளைச் சொருகினா, அதுல இருக்கிறது விழுந்த நாள் டேட்டா. ரெண்டு சர்வருக்கும் ஒரே வேலை ஐபி, கிளையண்ட்ல பாதி அங்க போகும் பாதி இங்க வரும். அதனால ரிப்பேர் ஆன மெயினை நெட்வொர்க்ல போடாம ஆன் பண்ணி, வேலை ஐபியை அதுல இருந்து எடுத்துட்டு, சாஃப்ட்வேர் சர்வீஸ்களை நிறுத்திட்டு, அதுல இருக்கிற பழைய டேட்டாவை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து வச்சுட்டு, பிறகுதான் கேபிளைச் சொருகணும்.

இப்பம் மெயின்தான் ஸ்பேர்ல இருந்து இழுக்கும், திசை தலைகீழ். அதுக்கு ஸ்பேர்ல படிக்க மட்டும் ஒரு யூசரைத் தற்காலிகமாப் போட்டு, வேலை முடிஞ்சதும் எடுத்துருங்க. ஆஃபீஸ் ஓடிட்டு இருக்கப்பவே பெரிய காப்பி முடியட்டும். சனிக்கிழமை ராத்திரி கடை அடைச்சதும் எல்லாரையும் வெளிய வரச் சொல்லி, கடைசி டம்ப் எடுத்து மெயின்ல ஏத்தி, பில் நம்பர், அன்னைக்கு விற்பனைத் தொகை, ஸ்டாக்ல நாலஞ்சு ஐட்டம் ரெண்டு பக்கமும் ஒத்துப் பாருங்க. ஒத்துவந்தா ஸ்பேர்ல இருந்து வேலை ஐபியை இறக்கி மெயின்ல ஏத்துங்க. ஸ்பேர்ல அந்த நாள்கள்ல சேந்த டேட்டாவை ஒரு மாசம் தொடாம தனி ஃபோல்டர்ல வைங்க, விட்டுப்போன பில் ஏதாவது ஜிஎஸ்டி போடுறப்பதான் தெரியவரும். பிறகு பழையபடி ஸ்பேர் மெயின்ல இருந்து இழுக்கிற டைமரை ஆன் பண்ணிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில ஒருக்க காப்பி வந்த நேரத்தைப் பாத்துட்டு, திங்கக்கிழமை கடை திறக்கலாம்.